விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சிகள்



இதழ் இந்த முறையும் தாமதம். பொங்கலுக்கு முன்பே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். அச்சகத் தோழர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், கட்டுரை தருகிறேன் என்றவர்கள் தரவில்லை, காகிதக் கடையில் பழைய பாக்கி என்று வழக்கமான காரணங்கள் எல்லாம் உண்டு. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மற்ற பக்கங்கள் எப்போதோ தயார். தலையங்கத்தைத்தான் நான் எழுதவில்லை. போகி தொடங்கிக் காணும் பொங்கல் வரை நான்கு நாளும் ஊரில் சின்னம்மா வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது போகாமல் பார்க்கவில்லை. ஒரு கணக்குப் பாக்கி இருந்தது.

போன ஏப்ரல் 14. எங்கள் காலனியில் வருசா வருசம் அம்பேத்கர் பிறந்தநாள் நடக்கும். காலையில் படத்துக்கு மாலை, பிள்ளைகளுக்கு நோட்டு பென்சில், மாலையில் பொதுக்கூட்டம். நூற்றைம்பது நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தோம். ஆறரைக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் ஏழரை ஆகியும் தொடங்கவில்லை. முப்பது பேர் இருந்தார்கள். அதில் பத்துப் பேர் பேச வந்தவர்கள். மைக்கில் ‘தோழர்கள் மேடைக்கு அருகில் வாருங்கள்’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தம்பி ஒருவனுக்குத் தொண்டை கட்டிப்போனது. நான் இறங்கித் தெருவில் நடந்தேன். எல்லா வீட்டுக்குள்ளிருந்தும் ஒரே நீல வெளிச்சம். ஒரே படம். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தால் வசனம் ஒன்றுகூட விட்டுப்போகாது.

சின்னம்மா வாசற்படியில் உட்கார்ந்து கழுத்தை உள்ளே திருப்பி வைத்திருந்தது. “ஏன் சின்னம்மா, கூட்டத்துக்கு வரல?” என்றேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டிருப்பேன்.

“காலையிலயே குளிச்சி முழுகி மால போட்டுட்டுதான்டா வந்தேன். அம்பேத்கர் மேல பக்தி இல்லன்னு சொல்றியா?”

“அதுக்கில்ல. பேசறதக் கேக்க வேணாமா?”

“நீங்க பேசறது வருசா வருசம் பேசறதுதான. இது புதுப்படம்டா.”

பதில் சொல்ல முடியாமல் அங்கேயே உட்கார்ந்தேன். விளம்பரம் வந்தபோதுதான் எழுந்தேன். நடுவில் நகைச்சுவைக் காட்சி ஒன்றுக்குச் சிரிக்கவும் செய்தேன். அதையும் எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் இந்தத் தலையங்கம் பொய்யாகிவிடும்.

அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்போம். 1891 ஏப்ரல் 14 பாபாசாகேப் பிறந்த நாள். தமிழ்நாட்டில் அதே நாள் சித்திரை முதல் நாள். தமிழில் தனியார் தொலைக்காட்சியின் காலத்தைத் தொடங்கிவைத்த சன் தொலைக்காட்சி பிறந்ததும் 1993 ஏப்ரல் 14. புத்தாண்டு என்று பார்த்துத் தொடங்கினார்கள், வேறு நோக்கம் இருந்திருக்காது. அந்த நாளுக்கு வேறொரு பொருள் உண்டு என்பது யாருடைய நினைப்பிலும் குறுக்கே வந்திருக்காது, அவ்வளவுதான். தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008இல் சட்டம் வந்தது, 2011இல் அது நீக்கப்பட்டது. சித்திரையா தையா என்று நாடே மல்லுக்கு நின்றது. அந்தச் சண்டையிலும் ஏப்ரல் 14 யாருடைய நாள் என்ற கேள்வி ஓரமாகக்கூட வரவில்லை. 2022இல் தமிழக அரசு அந்த நாளைச் ‘சமத்துவ நாள்’ என்று அறிவித்தது. நல்லது. அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள். மாலை அணிவித்தார், மரியாதை செலுத்தினார் என்று செய்தியில் ஒரு நிமிடம். செய்தி முடிந்ததும் மறுபடி சித்திரைத் திருநாள் சிறப்புத் திரைப்படம். நமக்கு ஒரு நிமிடம், மிச்ச நாள் முழுக்க ‘எல்லோருக்கும்’.

இந்த ‘எல்லோரும்’ யார் என்று பார்க்கத்தான் நான்கு நாள் உட்கார்ந்தேன்.

அதற்குமுன் நான் டிவி பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. எங்கள் பக்கம் அது வந்து சேர எண்பதுகளின் நடுப்பகுதி ஆயிற்று. பஞ்சாயத்து வாங்கிய பெட்டி. பஞ்சாயத்து எல்லோருக்கும் பொது, பெட்டியும் பொது, பெட்டி வைத்த அறை மட்டும் ஊர்த்தெருவில். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’, ஞாயிற்றுக்கிழமை படம். உள்ளே பாய் விரித்து அவர்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நாங்கள். உள்ளே வராதே என்று யாரும் வாய்திறந்து சொன்னதாக நினைவில்லை. சொல்லவேண்டிய தேவை இல்லாதபடி எங்கள் கால்களே அந்தப் படிக்கட்டில் நின்றுகொள்ளும். சாதி அப்படித்தான் வேலை செய்கிறது, தடை போடுகிறவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். உயரமான பையன்கள் முன்னால் நின்றால் குட்டையானவனுக்குச் சத்தம் மட்டும்தான். ஒரு தீபாவளிப் படத்தை முழுக்கக் காதாலேயே பார்த்திருக்கிறேன்.

1987 ஜனவரியில் ‘ராமாயணம்’ தொடங்கியது. ஞாயிறு காலை. இந்தி யாருக்கும் புரியாது. ஆனால் அந்த அறை கோயிலாகிவிட்டது. செருப்பை வெளியே விட்டார்கள், பெட்டிக்குப் பொட்டு வைத்தார்கள், சூடம் காட்டினார்கள். அதோடு எங்கள் ஜன்னலும் போயிற்று. சாமி இருக்கும் இடத்தில் ஜன்னலோரம் நிற்பதும் தீட்டு என்று பெரியவர் ஒருவர் கதவைச் சாத்தச் சொன்னார். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டுக்குத் திறந்திருந்த ஜன்னல் ஞாயிற்றுக்கிழமை ராமனுக்கு மூடிக்கொண்டது. ராமனுக்கும் நமக்கும் உள்ள உறவை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது சம்பூகன் கதை அல்ல, அந்த ஜன்னல் பலகைதான்.

அதே தொடரைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 1988 ஜூலையில் தொடர் பட்டாபிஷேகத்தோடு முடிந்தபோது பஞ்சாபில், ஜலந்தரில், வால்மீகி சமூகத்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். உத்தர காண்டத்தையும் காட்ட வேண்டும் என்பது கோரிக்கை. சீதைக்கு அடைக்கலம் கொடுத்து, லவனையும் குசனையும் வளர்த்தெடுக்கும் வால்மீகி அதில்தானே வருகிறார்! குப்பை தேங்கியது, அரசு இறங்கிவந்தது, உத்தர ராமாயணமும் ஒளிபரப்பானது. இதைக் கேள்விப்பட்டபோது சிரித்தேன். கூலி உயர்வுக்கும் சாதி ஒழிப்புக்கும் தூக்கவேண்டிய துடைப்பத்தை ராமாயணத்துக்கா தூக்குவது என்று கேலியாகப் பேசியும் இருக்கிறேன். இப்போது அப்படிச் சிரிக்க மாட்டேன். நம் அறிவாளிகள் பலருக்கு முன்பே அந்தத் தொழிலாளர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டிருந்தார்கள். நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஒரே பெட்டியின் முன் உட்காரும்போது, அதில் யார் முகம் இருக்கிறது, யார் முகம் வெட்டப்படுகிறது என்பது நாளைக்குத் தெருவில் எப்படி நடத்தப்படுவோம் என்பதோடு சம்பந்தப்பட்டது. அவர்கள் கேட்ட முகம் நமக்கு ஒப்பில்லாமல் இருக்கலாம். கேட்டது சரி.

2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. பதினான்கு அங்குலப் பெட்டி. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் வீடுகளுக்குப் போயிற்று. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு. இலவசம் கொடுத்து மக்களைக் கெடுக்கிறார்கள் என்று அப்போது எழுதியவர்கள் வீட்டில் எல்லாம் ஏற்கெனவே டிவி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றவனுக்குத்தான் அந்தப் பதினான்கு அங்குலத்தின் அளவு தெரியும். எங்கள் ஆயா அந்தப் பெட்டிக்கு முன்னால் கால்நீட்டி உட்கார்ந்தது. அதுவரை எந்தத் திரைக்கு முன்னாலும் ஆயா கால்நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதை வெறும் ஓட்டு அரசியல் என்று தள்ளிவிட என்னால் முடியாது.

ஆனால் பெட்டிதான் சேரிக்கு வந்தது. பெட்டிக்குள் இருப்பது ஊர்த்தெருதான்.

இந்தப் பொங்கலிலும் பார்த்தேன். காலையில் மங்கல இசை, சாமியார் பேச்சு, ராசிபலன். பிறகு கிராமம். எங்கிருந்துதான் பிடிக்கிறார்களோ அப்படி ஒரு கிராமத்தை! முற்றம் வைத்த ஓட்டு வீடு, வாசல் நிறையக் கோலம், கட்டுக் கரும்பு, மாட்டுவண்டி, பட்டுப்பாவாடை. நடிகை பானையில் அரிசி போடுகிறார், பால் பொங்குகிறது, ‘பொங்கலோ பொங்கல்’. அந்த வீட்டின் நெல் எந்தக் களத்திலிருந்து வந்தது, அறுத்தவர் யார், அவர் வீடு எந்தப் பக்கம் – கேமரா அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. அரங்க அமைப்பாளர் ஒரு கூரைக்கொட்டகையும் போட்டிருந்தார். அழகுக்கு. கூரை என்பது அவர்களுக்கு அலங்காரம்.

பட்டிமன்றம் வேறு. சாலமன் பாப்பையா நடுவராக இருக்கும் பட்டிமன்றம் இல்லாமல் பலருக்குப் பண்டிகைக் காலை விடிவதே இல்லை. அவருடைய தமிழும் மதுரைப் பேச்சும் எனக்கும் பிடிக்கும். ஆனால் கணவனா மனைவியா, மாமியாரா மருமகளா, அந்தக் காலமா இந்தக் காலமா என்று இரண்டு அணியாகப் பிரிந்து மோதுகிற இந்த மேடைகளில், ஊரா சேரியா என்று ஒரு தலைப்பை நான் பார்த்ததில்லை. குடும்பத்துக்குள்ளேயே எல்லாச் சண்டையும் முடிந்துவிடுகிறது. அந்தக் குடும்பம் தன் பெண் வேறு தெருப் பையனை விரும்பினால் என்ன செய்யும் என்பது விவாதத்துக்கு வராது. அது செய்தி அறிக்கையில் வரும், இன்னொரு நாள்.

விநாயகர் சதுர்த்தியை அந்தப் பெயரில் சொல்லக் கூச்சப்பட்டு ‘விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சிகள்’ என்று போட்ட தொலைக்காட்சிகளும் இங்கே உண்டு. திராவிட இயக்கத்தின் வழிவந்தவர்கள் நடத்துவது. பெயர்தான் பகுத்தறிவு. அதே நடிகை, அதே படம், அதே பட்டுப்பாவாடை. சாமியை எடுத்துவிட்டால் சாதி போய்விடும் என்று நினைத்த அரசியலுக்கு இதைவிடச் சுருக்கமான தலைப்பு கிடைக்காது.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1992 பொங்கலுக்கு ‘சின்னக் கவுண்டர்’, அந்தத் தீபாவளிக்குத் ‘தேவர் மகன்’, 1994 தீபாவளிக்கு ‘நாட்டாமை’. பண்டிகைக்குத் திரையரங்குக்கு வந்த படங்கள், பிறகு வீட்டுக்குள் வந்து திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கின்றன. தீர்ப்புச் சொல்ல ஒருவர், சொம்பு தூக்க ஒருவர், கைகட்டி நிற்க நாம்.

மாட்டுப் பொங்கலன்று நடந்ததைத்தான் உங்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டும். திரையில் பறையிசைக் குழு. பருத்திச் சட்டையும் தலைப்பாகையுமாகப் பத்து இளைஞர்கள், இளம்பெண்களும் இருந்தார்கள். தொகுப்பாளினி கைதட்டிக்கொண்டே ‘தமிழர்களின் பாரம்பரிய இசை, ஆதித் தமிழனின் இசை’ என்று மூச்சுவிடாமல் சொன்னார். என் பக்கத்தில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். பெரியப்பா ஊர்த்தெருவுக்குச் சாவு மேளம் அடித்தவர். அவர் அப்பாவும் அடித்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இயக்கம் எங்கள் பக்கம் வந்தபோது, இனி அடிக்க மாட்டோம் என்று காலனி முடிவெடுத்தது. பெரியப்பா தன் பறையை மந்தையில் போட்டுக் கொளுத்தினார். பதிலுக்கு ஊர்க்கட்டுப்பாடு. கடையில் சாமான் இல்லை, கழனியில் வேலை இல்லை, டீக்கடைப் பக்கம் போக முடியாது. எட்டு மாதம். சின்னம்மா அப்போது இடுப்பில் பிள்ளையோடு ஆறு கிலோமீட்டர் நடந்து வேறு ஊரில் களை எடுத்துத் திரும்பும். அந்தப் பறைதான் இப்போது ‘எல்லோருடைய’ பாரம்பரியமாகிப் பளபளக்கிறது.

பெரியப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். “தீயில காட்டாம எடுத்தாந்துட்டானுங்க. தோலு தொங்குது பாரு, சத்தமே எழும்பல” என்றார். பிறகு, “பொம்பளப் பிள்ளைங்க நல்லாத்தான் அடிக்குதுங்க” என்றார்.

பறை விடுதலையின் குறியீடா, இழிவின் அடையாளமா என்று நாம் இந்தப் பக்கங்களிலேயே எத்தனை இதழ்கள் அடித்துக்கொண்டிருப்போம்! இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பறையை மீட்டெடுத்து மேடையேற்றிய நம் கலைஞர்களின் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. நான் கேட்பது வேறு. பறை உள்ளே வந்துவிட்டது, அதை அடிக்க மாட்டோம் என்று பட்டினி கிடந்த எட்டு மாதம் உள்ளே வரவில்லை. தோல் வந்தது, தீ வரவில்லை. அடித்த கையும் மறுத்த கையும் ஒரே கைதான், அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இதோ என் பக்கத்தில் காவி படிந்த பனியனோடு உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறார் – இதைச் சொல்லாத ‘பாரம்பரியம்’ ஒரு திருட்டு.

பண்டிகைக் கணக்கில் நமக்கு வேறு நாட்கள் உண்டு. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய மூன்று இடங்களில் நம் மக்களின் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. பெங்களூருக்கும் வேறு ஊர்களுக்கும் போய் உழைத்துச் சேர்த்த பீரோ, வண்டி, டிவி, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் சாம்பல். காரணம் ஒரு காதல் திருமணம். நவம்பர் 13 தீபாவளி. நடுவில் ஆறே நாள். அந்தக் காலையிலும் மங்கல இசை ஒலித்தது, பட்டிமன்றம் நடந்தது, புதுப்படம் ஓடியது. நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அன்றைய நிகழ்ச்சிகளில் ஒரு தொகுப்பாளர், ஒரு நடிகர், ஒரே ஒரு வாக்கியம் ‘நத்தத்தில் இன்று விளக்கு எரியவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். நான் கேட்டவரை சொல்லவில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது 2022 டிசம்பர் 26இல். மூன்று வாரத்தில் பொங்கல். திரையில் புதுப்பானை நிறைய நீர் ஊற்றினார்கள். 2025 ஜனவரியில் அதே தெருவைச் சேர்ந்த மூன்று பேர்மீதே குற்றப்பத்திரிகை போடப்பட்டது, அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. அதுவும் ஒரு தை மாதம்தான். டிசம்பர் 25ஐப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1968இல் வெண்மணியில் நாற்பத்துநான்கு பேர். அதைப் பற்றி ‘ராமையாவின் குடிசை’ என்று பாரதி கிருஷ்ணகுமார் ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சிகளுக்கு நடுவே எந்தப் பெரிய தொலைக்காட்சியிலும் அதை நான் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு மறுநாள் ஒரு செய்தி தவறாமல் வரும், கவனித்திருப்பீர்கள். சென்னையில் பட்டாசுக் கழிவு இத்தனை டன் அகற்றப்பட்டது. அகற்றப்பட்டது – செயப்பாட்டு வினை. டன் தெரியும், அகற்றியவர் தெரியாது. அவர் தீபாவளி எப்போது கொண்டாடினார் என்று யாரும் மைக் நீட்டிக் கேட்பதில்லை. 2025 ஆகஸ்டில் அந்தப் பெண்களின் முகத்தைத் தமிழ்நாடு பார்த்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். செய்தித் தொலைக்காட்சிகள் காட்டவில்லை என்று சொல்ல மாட்டேன், காட்டின. 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைது செய்து இடத்தைக் காலி செய்தது. விடிந்தால் 14. அன்று ரஜினிகாந்த் படம் வெளியீடு. படத்தின் பெயர் ‘கூலி’. கைதான கூலிகள் மண்டபங்களில் இருக்க, திரையரங்க வாசலில் மேளமும் பாலாபிஷேகமும். அதற்கு மறுநாள் சுதந்திர தினச் சிறப்பு நிகழ்ச்சிகள். நான் எதையும் கோத்துச் சொல்லவில்லை, நாட்காட்டியை அப்படியே வாசிக்கிறேன்.

இப்போது நம் படங்களும் வந்துவிட்டனவே என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். வந்திருக்கின்றன. ‘பரியேறும் பெருமாள்’, ‘காலா’, ‘கர்ணன்’, ‘சார்பட்டா பரம்பரை’. 2025 தீபாவளிக்கு மாரி செல்வராஜின் ‘பைசன்’ திரையரங்குக்கே வந்தது. பண்டிகை வெளியீடு என்பது யாருடைய சொத்தாக இருந்தது என்று நினைத்துப் பார்த்தால் இது சிறிய விஷயம் இல்லை. பொறாமையும் முணுமுணுப்பும் நமக்குள்ளேயே உண்டு, விடுங்கள். ஆனால் இரண்டரை மணி நேரப் படம் முடிந்ததும் அதே பட்டுப்பாவாடை, அதே முற்றம், அதே ‘நம்ம ஊரு’. படம் என்பது ஒரு ஆள் போராடி வாங்கிய நேரம். நிகழ்ச்சி நிரல் என்பது அவர்களுடைய வீடு.

டிவியை அணைத்துவிட்டு வீதிக்கு வாருங்கள் என்று இன்னொரு பக்கத்துத் தோழர்கள். பகுத்தறிவாளர்கள் தீபாவளியைப் புறக்கணித்தது போல. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த பெண்ணிடம் போய், உனக்குக் கிடைக்கிற இரண்டு மணி நேரச் சிரிப்பு பார்ப்பனியக் கட்டமைப்பு என்று சொல்ல நமக்கு என்ன அருகதை? அயோத்திதாசப் பண்டிதர் தீபாவளியையும் கார்த்திகையையும் புறக்கணிக்கச் சொல்லவில்லை. அவை பௌத்தர்களின் பண்டிகைகள், எண்ணெய் வித்துக்களின் பயனைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன நாட்கள் என்று தம் ‘தமிழன்’ இதழில் எழுதினார். வரலாறாக அது நிற்குமா என்பது வேறு விவாதம். நீ பறித்துக்கொண்ட என் நாளைத் திருப்பிக் கொடு என்று கேட்ட துணிச்சல் இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். பாபாசாகேப் 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவிய நாள் விஜயதசமி. நாடே ஆயுதத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த நாளில் லட்சக்கணக்கான மக்களைக் கூட்டி அந்த நாளையே தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்றைக்கும் விஜயதசமி வந்தால் நாகபுரியில் தீக்சா பூமி நிறைகிறது. கூட்டத்துக்கு ஆள் வரவில்லையே என்று அங்கே யாரும் தெருவில் இறங்கித் தேட வேண்டியதில்லை.

நம் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை? சின்னம்மா சொன்னதுதான். எட்டுப் பேச்சாளர், எட்டுப் பேரும் ஆண்கள், ஆளுக்கு முக்கால் மணி நேரம். ‘மேடையில் வீற்றிருக்கும்’ என்று தொடங்கி எல்லோர் பெயரையும் சொல்லி முடிக்கவே பத்து நிமிடம். பெண்கள் எங்கே என்றால் பின்னால் சாப்பாடு கட்டிக்கொண்டிருப்பார்கள். எட்டு மாதம் ஊர்க்கட்டுப்பாட்டைத் தாங்கியது யார் என்று அந்த மேடையில் ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் டிவியில் நாம் இல்லை என்று நான்கு நாளாகக் குறிப்பெடுத்தேன். நம் மேடையில் சின்னம்மா இல்லை என்பதற்கு ஒரு வரி குறிப்பெடுக்கப் பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது.

அதனால் இந்த ஏப்ரல் 14க்கு எங்கள் காலனியில் பொதுக்கூட்டம் இல்லை. தெருமுனையில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் காட்டப் போகிறோம். ‘ராமையாவின் குடிசை’ காட்டுகிறோம். அதற்கு முன்னால் நாங்களே எடுத்தது ஒரு மணி நேரம். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் நான்கு பேர் தங்கள் கைப்பேசியிலேயே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பறையைக் கொளுத்திய அன்று என்ன நடந்தது, அந்த எட்டு மாதம் என்ன சாப்பிட்டீர்கள், ஜன்னலில் நின்று பார்த்த முதல் படம் எது – இவ்வளவுதான் கேள்வி. பெரியப்பா பேசிவிட்டார், பாதியில் அழுதார், அதை வெட்ட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். உங்கள் ஊரிலும் இப்படி யாராவது இருப்பார்கள். மார்ச் முடிவதற்குள் எடுத்து அனுப்புங்கள். பத்து நிமிடமாக இருந்தாலும் போதும், இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, முகமும் குரலும் இருக்க வேண்டும். மற்ற ஊர்களில் காட்ட விரும்புகிறவர்களும் எழுதுங்கள்.

சின்னம்மாதான் இன்னும் பிடிகொடுக்கவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் பேசுவேன் என்று ஒரே பிடி. தொகுப்பாளினிகள் மட்டும்தான் கட்டணுமா என்று கேட்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன். போன வாரம் போன் செய்து, “எத்தன மணிக்குடா போடுவீங்க?” என்றது.

“எட்டு மணிக்குச் சின்னம்மா.”

“ஒன்பதா வையி. படம் முடிஞ்சதும் எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு வரேன்.”

ஒன்பது மணி என்று நோட்டீசில் போட்டிருக்கிறோம்.